வயலில் இருந்தபடி பட்டம் படிக்கலாம்... ஆனால் எந்தப் பட்டம்?

விவசாயத்தைப் பார்த்துக்கொண்டே பட்டப் படிப்பு படிக்க முடியுமா? ‘வயது தடையில்லை, வீட்டிலிருந்தே பி.எஸ்சி. வேளாண்மை’ என்று கைபேசியில் வரும் விளம்பரத்தை நம்பலாமா? பயிற்சி வகுப்புகளுக்கு வரும் விவசாயிகள் இந்த இரண்டு கேள்விகளையும் அடிக்கடி கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு விடை: தாராளமாக முடியும். இரண்டாவதற்கு விடை: நம்பவே வேண்டாம்.

வேளாண்மைப் பட்டம் இணையத்தில் கிடையாது

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020-ம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகளின்படி, சில படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்த அனுமதி இல்லை. மருத்துவம், பொறியியல், செவிலியம், சட்டம் ஆகியவற்றோடு வேளாண்மை, தோட்டக்கலையும் அந்தப் பட்டியலில் உள்ளன.

இதற்கான காரணம் உங்களுக்கே தெரியும். மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் மண்ணியல் வராது. நோய் கண்ட இலையைக் கையில் எடுக்காமல் பயிர் நோயியல் வராது. வேளாண்மை இளநிலைப் பட்டம் 4 ஆண்டுப் படிப்பு. அதில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளுடன் வேலை செய்து பழகும் பயிற்சியும் கட்டாயம். இதைக் கைபேசித் திரையில் முடிக்க முடியாது.

எனவே, ‘இணையத்தில் வேளாண்மைப் பட்டம்’ என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கோ அரசு வேலைக்கோ அந்தச் சான்றிதழ் உதவாது. பணத்தோடு ஆண்டுகளும் வீணாகும்.

எவற்றைப் படிக்கலாம்?

பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற பட்டங்களைப் படிக்கலாம். தொலைநிலைக் கல்வியில் அச்சிட்ட பாடநூல்கள், விடுமுறை நாள் வகுப்புகள், மையத்தில் தேர்வு என்பது வழக்கம். இணையவழிக் கல்வியில் பாடங்கள் காணொளியாகக் கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் இந்த இரு வழிகளில் பெறும் பட்டமும், கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டத்துக்கு இணையானது என யுஜிசி 2022-ல் தெளிவுபடுத்தியுள்ளது.

1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ), 2002-ல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவை பெரியவர்களுக்கு ஏற்றவை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பல பட்டங்களைத் தமிழிலேயே படிக்கலாம்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பொறுப்பு வகிப்பவருக்கு வணிகவியலோ மேலாண்மையோ நேரடியாகப் பயன்படும். ஆண்டுக் கணக்கு, வங்கிக் கடன், தணிக்கை எல்லாவற்றுக்கும் பிறரை நம்பி நிற்க வேண்டியதில்லை. போட்டித் தேர்வு எழுத நினைப்பவர்கள் அந்தப் பணிக்கான வயது வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தமிழக அரசுப் பணிக்குப் பட்டம் செல்ல வேண்டுமானால் 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் தனித்தேர்வராக 12-ம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்துவிட்டுப் பட்டத்துக்குச் செல்லுங்கள்.

பணம் கட்டும் முன்...

விதைக்கும் முன் முளைப்புத்திறன் பார்ப்பது போல, சேரும் முன் இவற்றைப் பாருங்கள்:

* யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா, நீங்கள் சேரும் படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் அனுமதி உண்டா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் எல்லாப் படிப்புக்கும் இருக்கிறது என்று பொருளல்ல.
* போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யுஜிசி வெளியிடுகிறது. அதையும் ஒருமுறை பாருங்கள்.
* சேர்க்கைக்கு ‘டெப் ஐடி’ என்ற தனி அடையாள எண் 2024 முதல் கட்டாயம். அதைக் கேட்காத சேர்க்கையைச் சந்தேகியுங்கள்.
* கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே கட்டுங்கள். தனிநபர் கணக்கு வேண்டாம்.
* ‘தேர்வு எழுத வேண்டாம்’, ‘ஒரே ஆண்டில் பட்டம்’ என்றால் அது மோசடிதான்.

பயிர்ப் பருவமும் படிப்புப் பருவமும்

சேர்க்கை பொதுவாக ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். இக்னோவில் பருவ இறுதித் தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில் வரும். டெல்டா விவசாயிக்கு ஜூனில் குறுவை நாற்றங்கால் வேலை, டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையில் நிற்கும் சம்பா. இரண்டும் நெருக்கடியான நேரம்.

எனவே படிப்பைத் தேர்வு மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். இக்னோவில் ஒப்படைப்புகளுக்கு 30 சதவீத மதிப்பெண் உண்டு. வேலை குறைந்த மாதங்களிலேயே அவற்றை எழுதி அனுப்பிவிடலாம். மூன்று ஆண்டுப் பட்டத்தை 6 ஆண்டுகள் வரை முடிக்க அங்கு வாய்ப்பு உள்ளது. அறுவடை நேரத்தில் ஒரு தாள் தவறினால் அடுத்த தேர்வில் எழுதிக்கொள்ளலாம். அதற்காகப் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை.

பட்டம் வேண்டாம், வேளாண் அறிவுதான் வேண்டுமா?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககம், காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு போன்றவற்றில் தமிழில் சான்றிதழ் படிப்புகளை நடத்துகிறது. இடுபொருள் விற்பனையாளர்களுக்கு ஐதராபாத் மேனேஜ் நிறுவனத்தின் ‘தேசி’ பட்டயப் படிப்பு உள்ளது. வாரம் ஒரு நாள் வீதம் 48 வாரங்கள் வகுப்பும் களப்பயணமும் நேரில் நடக்கும். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ‘ஸ்வயம்’ தளத்தில் பல பாடங்களை இலவசமாகக் கற்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுத வேண்டும். இவை பட்டங்கள் அல்ல. ஆனால் வயலுக்கும் கடைக்கும் உடனே கைகொடுக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்தில் யாராவது இத்தகைய விளம்பரத்தைக் காட்டினால், யுஜிசி பட்டியலை அவர்கள் கண் முன்னே திறந்து காட்டுங்கள். பத்து நிமிட வேலைதான். ஒரு குடும்பத்தின் ஒரு போக வருமானம் தப்பிக்கும். நீங்களே உயர்கல்வி படிக்க நினைத்தால், சேரும் முன் துறையின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.