கடனுக்கு ஈடாகும் சரீரம்

மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையைக் கட்டுவதற்காக இன்னொரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி, அதை அடைக்கக் கந்துவட்டிக்காரரிடம் போய், கடைசியில் அவரும் வாசலில் வந்து நின்று தெரு கேட்கச் சத்தம் போடத் தொடங்கிய பிறகு, திக்கற்றுத் தவிக்கும் குடும்பத்தைத் தேடிக்கொண்டுதான் கிட்னி புரோக்கர் வருகிறான். பெரும்பாலும் அவன் அந்நியனல்லன். தானே முன்னொரு காலத்தில் சிறுநீரகத்தை விற்றவனாகவும் இருக்கக்கூடும். "ரெண்டுல ஒண்ணு போனா என்னக்கா, ஒண்ணு போதும்னு டாக்டரே சொல்றாங்க" என்று அவன் பரிவோடு பேசும் பேச்சிலேதான் இந்த வியாபாரம் ஆரம்பமாகிறது.

புதுச்சேரியின் திருக்கனூர் வட்டாரத்தில் இப்படி நடந்ததென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மூடப்பட்டதால் கரும்பு விவசாயிகள் பட்ட நஷ்டத்தை அறிந்தவர்களுக்கு, கடன் என்பது இங்கே யாரோ எவரோ படும் துன்பமன்று என்பதும் தெரியும்.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், விசைத்தறிக் கூலிகள் கடன் தாளாமல் சிறுநீரகங்களை விற்ற செய்தி வெளியாகி, திருச்சியிலும் பெரம்பலூரிலும் இரு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்றுச் சிகிச்சை உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை நியமிக்கும் அளவுக்கு விவகாரம் முற்றியது. இதற்கு வெகுகாலம் முன்பே சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று ஊரார் அழைத்ததுண்டு. 2004 சுனாமியில் வீடும் வலையும் இழந்து வடசென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் பலர் இதே வலையில் சிக்கியது 2007-இல் வெளிவந்தது.

விற்றவர் கடனாவது தீர்ந்ததா? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து ஆராய்ந்து, 2002-இல் ஓர் அமெரிக்க மருத்துவ சஞ்சிகை வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றார்கள். பேசிய தொகை முழுதாகக் கைக்கு வரவில்லை. குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. முக்கால்வாசிப் பேர் கடனாளிகளாகவே இருந்தார்கள். 86 சதவீதத்தினர் உடல்நலம் குன்றியதாகக் கூறினார்கள். விலாவின் ஓரமாகச் சாய்வாக ஓடும் ஒரு சாண் தழும்போடு குடம் சுமக்கவும் குனிந்து களையெடுக்கவும் வேண்டியவளுக்கு, உடலுழைப்பொன்றே முதலாக இருக்கும்போது, இது எத்தகைய அபகரிப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1995 பிப்ரவரி 4 முதல் புதுச்சேரியில் அமலில் இருக்கிறது. நெருங்கிய உறவினரல்லாதார் தானம் செய்வதானால், பணத்துக்காக அன்றி அன்பு முதலிய காரணங்களால் கொடுக்கிறார் என்று அங்கீகாரக் குழு திருப்தியடைய வேண்டும். அந்த அன்பைத்தான் புரோக்கர் காகிதத்தில் உற்பத்தி செய்கிறான்: பொய்யான உறவுச் சான்று, பொய்ப் பிரமாணப் பத்திரம், குழுவின் கேள்விகளுக்கு மனப்பாடம் செய்வித்த பதில்கள். கடன்காரனுக்கு அஞ்சி ஒருவன் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. சட்டமும் அப்படிக் கொள்வதில்லை. இந்தியா 2011-இல் ஏற்றுக்கொண்ட பலெர்மோ உடன்படிக்கை, ஒருவரின் நிர்க்கதியைப் பயன்படுத்தி உறுப்பெடுப்பதற்காக அவரை அழைத்துச் செல்வதை ஆள்கடத்தல் என்கிறது. பாரதிய நியாய சம்ஹிதையின் 143-ஆம் பிரிவும் உறுப்பைப் பலவந்தமாக அகற்றுவதை அக்குற்றத்தில் சேர்த்து, பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று விளக்குகிறது.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு காத்திருக்கும் நோயாளியின் வேதனையும் மெய்யே. அதற்கு நேர்மையான வழி, மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை வரிசைக் கிரமமாக வழங்குவது. தமிழ்நாட்டில் 2008 முதல் இது ஒழுங்காக நடைபெறுகிறது, புதுச்சேரி ஜிப்மரிலும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை உண்டு.

உறுப்பு வியாபாரத்தில் பணம் வாங்கியவரும் தண்டனைக்குரியவர் என்பதால், ஐந்து முதல் பத்தாண்டுச் சிறை என்று அஞ்சி, ஏமாற்றப்பட்டோர் வாய் திறப்பதில்லை. அந்த அச்சத்தையே புரோக்கர் காவலாகக் கொள்கிறான். ஆள்கடத்தலுக்கு உள்ளானவர்களுக்குக் கட்டணமின்றி வக்கீலை அமர்த்தித் தருவது சட்ட உதவி ஆணையத்தின் கடமை. அதன் இலவசத் தொலைபேசி எண் 15100. முன்பணம் வாங்கிவிட்ட பிறகும், மருத்துவமனை வாசல்வரை போய்விட்ட பிறகும், அறுவைக்குப் பிறகும்கூட அந்த எண்ணை அழைக்கலாம்.