படைவீரரின் கைப்பேசியில் ஒரு பாதுகாப்பு

ஆவடிக்கு அருகே ஒரு ரயில் நிலையத்தின் பெயரே பட்டாபிராம் மிலிட்டரி சைடிங். டாங்க் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் என்று படையோடு பிணைந்த வட்டாரம் இது. பணி முடித்த படைவீரர்கள் பலர் ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர், பூந்தமல்லி பக்கமே குடியேறிவிட்டார்கள். இளம் வயதில் சிப்பாயாகச் சேர்ந்தவர் நாற்பதை ஒட்டியே பென்ஷனோடு வெளியே வந்துவிடுகிறார். பிள்ளைகளின் படிப்பு பாதியில் இருக்கும். மறுபடி கிடைப்பது பெரும்பாலும் தொழிற்பேட்டையிலோ வங்கியிலோ காவல் வேலை. யூனிட்டில் எப்போதும் ஆள் சூழ இருந்தவர் விடிய விடியத் தனியாக உட்கார்ந்திருக்கிறார். தூக்கம் கெடுகிறது, குடி கூடுகிறது.

தடுப்பது வெட்கம்

மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கிய ஊர் சென்னை. அம்பத்தூரிலிருந்து ஒரே பஸ் தூரத்தில் இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு நம் மக்கள் வைத்திருக்கும் கேலி, அங்கே போக வேண்டியவரை வீட்டிலேயே முடக்கிவிடுகிறது. 'மிலிட்டரிக்காரர் கலங்கலாமா' என்ற பேச்சு சேர்ந்தால் வாயே திறக்காது. இங்குதான் கைப்பேசி உதவுகிறது. யாரும் பார்க்க மாட்டார்கள், வரிசை இல்லை, நடுராத்திரியிலும் பேசலாம்.

14416

மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது. 14416 அல்லது 1800-891-4416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். 2024 அக்டோபரில் செயலியும் வந்தது. வீடியோ ஆலோசனை முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. படையினருக்கென்றே தனிப் பிரிவு ஒன்று புணே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்புத் தொண்டு நிறுவனத்தை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை 2017 முதல் மருத்துவப் பதிவேடுகளைக் கணினியால் அலசி, தற்கொலை ஆபத்து அதிகமுள்ளவர்களைக் கண்டறிகிறது. அதன்பின் அவரவர் மருத்துவரே கூப்பிட்டு விசாரிக்கிறார். நம் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக்குகளில் பிபி, சுகர் பார்க்கும்போதே தூக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றி இரண்டு கேள்வி கேட்டுப் பதிந்தால், அந்தப் பாதை இங்கும் திறக்கும். எந்தச் செயலியும் தானாக யாரையும் காப்பாற்றாது. அதன் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

தெளிவாக இருக்கும்போதே எழுதுங்கள்

ஸ்பர்ஷ் பென்ஷன் தளத்தில் வாழ்நாள் சான்று போடப் பழகிய கைக்குக் கைப்பேசியில் குறிப்பு எழுதுவது கடினமில்லை. மனம் நிதானமாக உள்ள ஒரு நாளில் கைப்பேசிக் குறிப்பில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதி வையுங்கள். எனக்கு நிலை மோசமாவதை எது காட்டும்? இரண்டு நாள் தூக்கமின்மையா, எவரோடும் பேசப் பிடிக்காததா? அப்போது எது என்னை ஆற்றும்? நடையா, பாட்டா, கோயிலா? யாரைக் கூப்பிடுவேன்? பழைய பேட்ச்மேட் ஒருவர், மனைவி, பிறகு 14416. இந்த எண்களை முகப்புத் திரையில் முதல் தொடர்புகளாக வைத்துவிட வேண்டும், ஏனென்றால் நெருக்கடியில் தேடுவதற்குப் பொறுமை இருக்காது. காவல் வேலைக்கு உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர் என்றால், மனம் சரியில்லாத நாட்களில் அது வீட்டில் இருக்கக்கூடாது. சட்டப்படி வேறிடத்தில் ஒப்படைப்பது எப்படி என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். மாத்திரைகளை வீட்டில் ஒருவர் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டார் கேட்க வேண்டியது

திடீரென்று பென்ஷன் உத்தரவு (பிபிஓ), வங்கிக் காகிதங்களை ஒழுங்குபடுத்தி ஒப்படைப்பது, பதக்கங்களைப் பிறருக்குக் கொடுப்பது, 'நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி' என்பது: இவற்றைச் சாதாரணப் புலம்பலாக விட்டுவிடாதீர்கள். "அப்பா, உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு அது ஆறுதலே தருகிறது. 'ஆமாம்' என்றால் அதட்டவோ சமாதானம் சொல்லவோ முற்பட வேண்டாம், முழுதும் கேளுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். உடனடி ஆபத்து தெரிந்தால் 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.