பள்ளியிலேயே தொழில் சான்றிதழ்: எது வேலைக்கு உதவும்?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் மாணவர்கள் பலர் பள்ளிச் சான்றிதழோடு இன்னொன்றையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வெல்டிங், நர்சிங் உதவி, கணினிப் பராமரிப்பு என ஏதோ ஒரு தொழிலுக்கான சான்றிதழ் அது. பாடம் நடத்துவது பள்ளி; தேர்ச்சிக்கான அளவுகோலை வகுத்துச் சான்றிதழ் தருவது வெளி அமைப்பு. அதற்கு மதிப்பு வருவதே அதனால்தான்.

ஆனால், எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை.

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் செவிலிய உதவியாளராக வேலை பார்க்க, மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். பல மாநிலங்களில் செய்முறைத் தேர்வில் கை கழுவிக் காட்ட வேண்டும். விரல் நுனிகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். சோப்பு நுரையோடு 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். தொட்டியின் உட்புறத்தில் கை படக் கூடாது. குழாயைக் காகிதத் துண்டால் பிடித்துத்தான் மூட வேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தொற்றிலிருந்து காப்பது இந்தக் கவனம்தான். வெல்டிங்கிலும் அதே கண்டிப்பு: பற்றவைத்த துண்டை 'யு' வடிவில் வளைத்துப் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு விரிசல் தெரிந்தாலும் தோல்வி.

இன்னொரு பக்கம், 'ஓஷா-10' என்ற பத்து மணி நேரப் பணியிடப் பாதுகாப்பு வகுப்பு. அவசியமான பாடம், சந்தேகமில்லை. ஆனால் இது தொழில் சான்றிதழ் ஆகாது என்று, இந்த வகுப்புத் திட்டத்தை வகுத்த 'ஓஷா' என்ற மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பே சொல்கிறது. அப்படியிருந்தும், மாணவர்கள் பெற்ற சான்றிதழ்களின் கணக்கில் பல இடங்களில் இதுவும் சேர்ந்துவிடுகிறது.

காரணம் பணம். ஃபுளோரிடா 2007-இல் கொண்டுவந்த சட்டத்தின் வழியே, மாணவர் சான்றிதழ் பெற்றால் பள்ளிக்குக் கூடுதல் நிதி வருகிறது. ஆசிரியருக்கும் மாணவர் ஒருவருக்கு 25 முதல் 100 டாலர் வரை ஊக்கத்தொகை உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆனால் எண்ணிக்கைக்குப் பணம் என்றானதும், சுலபமான தேர்வுகள் பக்கம் பள்ளிகள் சாய்கின்றன. எக்ஸலின்எட் என்ற கல்விக் கொள்கை அமைப்பும் பர்னிங் கிளாஸ் என்ற வேலைச் சந்தை ஆய்வு நிறுவனமும் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாணவர்கள் பெற்ற சான்றிதழ்களில் வேலை தருபவர்கள் கேட்பவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிள்ளைகளின் உழைப்பைப் பெரியவர்கள் இப்படி வீணாக்குவது அநியாயம்.

எனவே, பிள்ளையை ஒரு பிரிவில் சேர்க்கும் முன், உள்ளூர் வேலை விளம்பரங்களில் அந்தச் சான்றிதழின் பெயர் வருகிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். கல்லூரியில் அதற்குப் பாட மதிப்பலகு (கிரெடிட்) தருவார்களா என்றும் விசாரிக்க வேண்டும். எத்தனை ஆண்டு செல்லும் என்பதும் முக்கியம். கணினிப் பராமரிப்புக்கான 'கம்ப்டியா ஏ பிளஸ்' மூன்றாண்டுதான் செல்லும். பத்தாம் வகுப்பில் வாங்கியதைப் புதுப்பிக்காவிட்டால், பள்ளியை முடித்த மறு ஆண்டே காலாவதியாகிவிடும்.