கண்டற்காடும் கம்பெனித் தொண்டர்களும்

மும்பையை அடுத்த தாணே கழி, குஜராத்தின் கட்ச் வளைகுடா, ஒடிசாவின் பிதர்கணிகா, வங்கத்தின் சுந்தரவனம் என, பிழைப்பின் பொருட்டு நம்மவர் குடியேறி வாழும் மாநிலங்கள் பலவற்றின் கரையிலும் ஒருவகைக் காடு உண்டு. ஓதம் ஏறும்போது உப்புநீரிலும், அது வடிந்தபின் சேற்றிலும் நிற்கும் அக்காட்டைக் கண்டற்காடு என்றும், அலையின் வேகத்தை ஆற்றுவதால் அலையாத்திக் காடு என்றும் தமிழில் வழங்குகிறோம். மராத்தியில் அதன் பெயர் 'காந்தள்வன்', மலையாளத்தில் 'கண்டல்காடு'. நாடு முழுவதும் இக்காடுகளின் பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர்.

இவற்றின் நன்மைக்கு ஒரு சான்று கூறலாம். 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். பின்னர் கேந்திரபாடா மாவட்டத்துக் கிராமங்களை ஆராய்ந்தபோது, கடலுக்கும் ஊருக்கும் இடையே கண்டற்காடு அகன்றிருந்த இடங்களில் உயிர்ச்சேதம் குறைவு என்பது தெரியவந்தது. பின்னிப் பிணைந்த வேர்கள் அலையின் விசையைத் தணிக்கின்றன. வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன. இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் புகலிடமாகின்றன.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமுதாய நலத்துக்குச் செலவிட வேண்டுமென விதிக்கிறது. சுற்றுச்சூழலைப் பேணுதலும் அப்பணிகளுள் ஒன்று. கம்பெனி ஊழியர்கள் விடுமுறை நாளில் கழியோரம் சென்று, முழங்கால் சேற்றில் இறங்கிக் கண்டல் நடுவதை இன்று காண்கிறோம். நேயர்களுள்ளும் சிலர் அவ்வாறு சென்றிருக்கலாம். நோக்கம் நன்று. ஆயினும் நட்டவை எல்லாம் காடாகிவிடுவதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் பல்லாண்டுகளாகப் பெருஞ்செலவில் நட்ட கண்டல்களுள் பெரும்பகுதி மடிந்துபோயிற்று.

காரணம் யாது? கண்டலின் வேரும் மூச்சுவிட வேண்டும். வெண்கண்டல் சேற்றின் மேலே எழுதுகோல்போல் வேர்களை நீட்டுவது இதன்பொருட்டே. ஓதம் வடிந்தபின் சில மணி நேரமேனும் அவ்வேர்களுக்குக் காற்றுக் கிட்ட வேண்டும். பெரும்பொழுது நீர் மூடிக்கிடக்கும் சேற்றுவெளியில் நட்டால் கன்று மடியும். பறவைகள் இரைதேடும் இடமும் கெடும். சுரபுன்னையின் விதையோ தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். அதனைச் சேற்றில் ஊன்றுவது எளிது. எளிதென்பதாலேயே பிலிப்பைன்ஸில் பொருந்தாத இடங்களிலும் அவ்வினத்தையே நட்டனர்.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் வேறொரு பாடம் தருகிறது. முற்காலத்தில் அங்கே காட்டைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டினர். வெயில் பட்ட நிலம் உலர்ந்து, தாழ்ந்து குழிந்தது. உட்புகுந்த ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கிற்று. அது ஆவியாகவே மண்ணில் உப்பு மிகுந்து, கன்றுகள் தலையெடுக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களின் துணையோடு முதலில் கால்வாய் வெட்டின. நடுவே ஒரு பெருங்கால்வாய், இருமருங்கும் சாய்வாகக் கிளைக்கால்வாய்கள் என, மீன்முள் போன்ற அமைப்பு அது. ஓதம் தடையின்றி ஏறி இறங்கியதும் உப்புக் குறைந்தது. அதன்பின் நட்ட கன்றுகள் தழைத்தன.

ஆகவே கன்றைக் கையில் எடுக்குமுன் தொண்டர்கள் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இவ்விடத்தில் முன்பு கண்டல் இருந்ததா? இப்போது ஏன் இல்லை? நட்டபின் பேணுவோர் யார்? நீர்வழி அடைபட்டதே காரணமாயின், முதலில் வேண்டுவது மண்வெட்டி. அருகே தாய்மரங்கள் இருப்பின், வழி திறந்தவுடன் ஓதமே விதைகளைக் கொண்டுவந்து சேர்க்கும். கால்வாய் தூர்ந்துபோகும் இயல்புடையது. அதனை அவ்வப்போது வாருவதும் தொண்டே. மும்பை போன்ற நகரங்களில் வேர்களிடையே சிக்கிய பிளாஸ்டிக்கை அகற்றுவதும் அத்தகைய தொண்டாகும். கழியின் போக்கை நன்கறிந்த மீனவரைக் கலந்துகொள்வது இன்றியமையாதது. நட்ட நாளில் எண்ணிய கன்றுகளை மூன்றாம் ஆண்டிலும் சென்று எண்ணிப் பார்த்தால்தான், கரை காக்கப்பட்டதா என்பது விளங்கும்.