பகிர்வு வழங்கியில் இணையச் சேவையை நிறுவுமுன் எழுதவேண்டிய ஆவணம்

முன்னுரை

உருபனியல் பகுப்பாய்வி, சொற்பிழை திருத்தி, தொடரடைவுக் கருவி போன்ற தமிழ்க் கணிமைக் கருவிகள் பலவும் இன்று இணையச் சேவைகளாக உருவாக்கப்படுகின்றன. ஆய்வாளருக்குத் தனி வழங்கி வாய்ப்பது அரிது. பல துறைகளின் தரவுத்தளங்கள் இயங்கும் பொது வழங்கியிலேயே புதிய சேவையும் இடம்பெறுகிறது. பயன்படுத்துவோருக்கான கையேடு பின்னர் வரலாம். வழங்கியைப் பேணுவோருக்கான ஆவணம் நிறுவுதலுக்கு முன்பே இருத்தல் வேண்டும். சேவை பழுதுபடும்போது முதலில் பாதிக்கப்படுவோர் அதைப் பற்றி ஏதும் அறியாத பிற துறையினர் என்பதே காரணம்.

உள்ளீட்டு வரையறை

சேவையின் முகவரி, அளபுருக்கள், மறுமொழி வடிவம் ஆகியவற்றை விவரிக்க ஓப்பன்ஏபிஐ விவரக்குறிப்பு பரவலாகப் பயன்படுகிறது. ஸ்வாக்கர் என்னும் பெயரில் தொடங்கிய இது 2016இல் இப்பெயர் பெற்றது. எனினும் 'உள்ளீடு: உரை' என்று மட்டும் அதில் எழுதுவது தமிழுக்குப் போதாது. 'கொடு' என்னும் சொல் இலக்கணப்படி 2 எழுத்து. ஒருங்குறியில் 4 குறிகள். ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, துணைக்கால் எனப் பிரித்து உள்ளிட்டால் 5 குறிகள். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அகராதித் தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. எனவே உள்ளீடு என்எஃப்சி வடிவுக்கு மாற்றப்படுகிறதா, நீளவரம்பு எழுத்தைக் குறிக்கிறதா, குறியையா, பைட்டையா என்பன ஆவணத்தில் இடம்பெற வேண்டும்.

நீளவரம்பு சிறிய செய்தியன்று. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட்டு. அது இணைய முகவரிக்குள் செல்லும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் 3 வரியுருக்களாக விரியும். ஆகவே 'கொடு' மட்டுமே முகவரியில் 36 இடங்களைக் கொள்கிறது. அப்பாச்சி வழங்கி மென்பொருள் கோரிக்கையின் முதல் வரிக்கு இயல்பாக அளிக்கும் வரம்பு 8190 பைட்டு; ஏறத்தாழ 900 தமிழ்க் குறிகளில் அது தீர்ந்துவிடும். அதே நீளமுள்ள ஆங்கில உரையால் சோதித்தவருக்கு இக்குறை தென்படாது. கெட் முறையை விடுத்துப் போஸ்ட் முறையைக் கையாள இன்னொரு காரணமும் உண்டு. முகவரியில் வரும் உரை வழங்கியின் அணுகல் பதிவேட்டில் பொதுவாக அப்படியே பதிவாகும். வெளியிடப்படாத கல்வெட்டுப் படியோ ஆய்வேட்டுப் பகுதியோ அவ்வாறு பதிவாவதை எந்த ஆய்வாளரும் விரும்பார்.

வளத் தேவை

ஓர் அகராதி நினைவகத்தில் 600 எம்பி கொள்வதாகவும், சேவை 4 செயலாக்கங்களாக இயங்குவதாகவும் கொள்வோம். ஒவ்வொன்றும் அகராதியைத் தனித்தனியே ஏற்றினால் தேவை 2.4 ஜிபி. நினைவகம் தீரும்போது லினக்ஸ் கருநிரல் ஒரு செயலாக்கத்தை நிறுத்தும். அது புதிதாக வந்ததையே தேர்ந்தெடுக்கும் என்பதில்லை. மிகுதியான நினைவகம் கொண்டதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். பிழை ஒரு துறையினது. நிற்பது மற்றொரு துறையின் தரவுத்தளமாக இருக்கலாம். உச்ச நினைவக அளவு ஆவணத்தில் இருந்தால், நிர்வாகி சேவைக்குரிய மேல்வரம்பை முன்னரே விதித்துவிட இயலும். மிகுதியான கோரிக்கைகளுக்கு 429 என்னும் மறுமொழி எப்போது அளிக்கப்படும் என்பதும் இங்கேயே குறிக்கத்தக்கது.

பொறுப்பும் நிறுத்தமும்

விக்கிமீடியாவின் டூல்ஃபோர்ஜ் என்னும் பகிர்வுத் தளம், அங்கு நிறுவப்படும் கருவிகளுக்குத் திறந்த மூல உரிமத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. கைவிடப்பட்ட கருவியைப் பிறர் ஏற்றுப் பேணவும் நெறிமுறை வகுத்துள்ளது. 2024இல் அதன் பழைய கிரிட் எஞ்சின் அமைப்பு மூடப்பட்டபோது, குபர்நெட்டிசுக்கு மாற்றப்படாத கருவிகள் அங்கு இயங்க வழியில்லாது போயிற்று. பல்கலைக்கழகச் சூழலில் இத்தகைய நெறிமுறை எழுதப்பட்டிருப்பது அரிது. திட்டக்காலம் முடிந்து ஆய்வாளர் விலகியதும் கடவுச்சொல்லும் உடன் சென்றுவிடுகிறது. பொறுப்பாளருடன் மாற்றுப் பொறுப்பாளரின் பெயர், சேவையை நிறுத்தும் கட்டளை, பதிவேடுகள் அழிக்கப்படும் கால எல்லை, எக்கோப்புகள் மூலத்தரவு, எவை மீண்டும் உருவாக்கத்தக்கவை என்னும் பகுப்பு ஆகியன ஒரு பக்கத்தில் அடங்கும். அப்பக்கம் அதே வழங்கியில் மட்டும் இருத்தலாகாது. வழங்கி நின்ற நாளில்தான் அது தேவைப்படும்.