வகுப்பறைக் கணக்கு – 9: புளியங்கொட்டையின் இரண்டு பக்கங்கள்

திருப்புதல் தேர்வுக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகல், (−3) + (−4) என்று கரும்பலகையில் நான் எழுதியிருந்த கணக்குக்கு, ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 7 என்று விடை எழுதி, அதைப் பற்றி யாதொரு சந்தேகமும் இல்லாத முகத்தோடு நோட்டை என்னிடம் நீட்டினாள். "இது எப்படி வந்தது, கண்ணு?" என்று கேட்டேன். "மைனஸும் மைனஸும் பிளஸ், சார்" என்றாள். முந்திய வாரம் பெருக்கல் பாடத்தின்போது அந்த வாக்கியத்தை வகுப்பு முழுவதையும் மூன்று முறை உரக்கச் சொல்ல வைத்தவன் நான். அவள் சொன்னது நான் சொல்லிக்கொடுத்ததையே; எழுத்துக்கு எழுத்து மாறாமல் சொன்னாள். பிழை எங்கே பிறந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பல வருஷங்கள் சென்ற பின்னும் அந்தப் பிற்பகல் என் ஞாபகத்தை விட்டு அகலவில்லை.

சென்ற வாரம் எண்கோட்டையும், அதில் பூஜ்யத்துக்கு இடப்புறம் நீளும் குறை எண்களையும் பற்றிப் பேசினோம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆறாம் வகுப்பில் அறிமுகமாகும் முழுக்கள், ஏழாம் வகுப்பில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு உள்ளாகி, எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்களாக விரிகின்றன. இந்த மூன்று வருஷங்களில் பிள்ளைகள் செய்யும் பிழைகளைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பான்மையானவை கவனக் குறைவால் நேர்ந்தவை அல்ல என்பதும், ஓரிடத்தில் உண்மையாயிருந்த ஒரு வாக்கியத்தை அது உண்மையல்லாத வேறோரிடத்துக்குப் பிள்ளை நம்பிக்கையோடு எடுத்துச் சென்றதால் நேர்ந்தவை என்பதும், அந்த வாக்கியத்தைக் கொடுத்தவர் அநேகமாக உபாத்தியாயரே என்பதும் புலப்படும். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற வாக்கியத்தில் எந்தச் செய்கையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே இல்லை. அதை எங்கும் ஒட்டலாம். ஆகையால் பிள்ளை எங்கும் ஒட்டுகிறது.

கி.பி. 628-இல் 'பிராம்மஸ்புட சித்தாந்தம்' என்னும் நூலை இயற்றிய பிரம்மகுப்தர் இவ்விஷயத்தில் நம்மைவிட ஜாக்கிரதையாயிருந்தார். உடைமையைத் தனம் என்றும் கடனை ருணம் என்றும் வழங்கி, ஒவ்வொரு செய்கைக்கும் தனித்தனியே விதி வகுத்தார்: இரண்டு ருணங்களைக் கூட்டினால் ருணம், தனத்தையும் ருணத்தையும் கூட்டினால் அவற்றின் வித்தியாசம், இரண்டும் சமமாயின் சூன்யம், இரண்டு ருணங்களைப் பெருக்கினால் தனம். சூன்யத்தைச் சூன்யத்தால் வகுத்தால் சூன்யமே என்று அவர் கூறியதைப் பிற்காலக் கணிதம் ஏற்கவில்லை. எனினும், கூட்டலின் விதியும் பெருக்கலின் விதியும் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி அவர் போட்ட வரம்பை, ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருஷங்களுக்குப் பின்வந்த நாம், மனனத்துக்கு எளிதாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அழித்துவிட்டோம்.

வேறொரு சங்கடமும் உண்டு. இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று பிள்ளைக்குச் சொல்லி வருகிறோம். ஆறாம் வகுப்பில் ஒரு நாள், முன்னறிவிப்பு ஏதுமின்றி, 3-இலிருந்து 5-ஐக் கழி என்கிறோம். நேற்றுவரை சொன்னது ஏன் இன்று மாறியது என்று பிள்ளைக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். "அதுவரை உன் கையில் இருந்த எண்களைக்கொண்டு அது முடியாது, இப்போது புதிய எண்கள் வந்திருக்கின்றன" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பிள்ளையின் மனத்திலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாத வகுப்புகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனிப் புளியங்கொட்டைக்கு வருகிறேன். தாயம் ஆடுவதற்காகப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. குறை எண்களின் ஸ்வபாவத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த சாதனம் ஒன்றை எந்தக் கடையிலும் நான் வாங்கியதில்லை. வெள்ளைப் பக்கம் ஒன்று உடைமை. கறுப்புப் பக்கம் ஒன்று கடன். ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் இரண்டும் தீர்ந்து பூஜ்யம். இவ்வளவுதான் ஒப்பந்தம். மூன்று கறுப்போடு நான்கு கறுப்பைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு ஏழு கறுப்பு கண்ணெதிரே கிடக்கும்போது, அது 7 அன்று, −7 என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வெள்ளையோடு எட்டுக் கறுப்பைச் சேர்த்தால் ஐந்து ஜோடிகள் தீர்ந்துபோய் மூன்று கறுப்பு மிஞ்சுகிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பெரியதன் குறியைப் போடு என்ற சூத்திரத்தைப் பிள்ளையே தன் வாயால் சொல்லும்.

கழித்தலில்தான் இந்தக் கொட்டைகளின் அருமை தெரியும். 2 − (−3) என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். கையில் இருப்பவை இரண்டு வெள்ளைகள். எடுக்க வேண்டியவை மூன்று கறுப்புகள். இல்லாத கறுப்பை எப்படி எடுப்பது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உபாத்தியாயர் சும்மா இருக்க வேண்டும். சில நிமிஷங்கள் வகுப்பு மௌனமாயிருந்தாலும் பாதகமில்லை. யாராவது ஒரு பிள்ளை, வெள்ளையும் கறுப்புமாக ஒரு ஜோடி வைத்தால் மதிப்பு மாறாதே என்ற யுக்தியைக் கண்டுபிடிக்கும். மூன்று ஜோடிகளை வைத்துவிட்டு மூன்று கறுப்புகளை எடுத்துவிட்டால் மிச்சம் ஐந்து வெள்ளை. கடனை நீக்குவது உடைமையைச் சேர்ப்பதற்குச் சமம் என்ற உண்மையை அந்தப் பிள்ளை அன்று தன் விரல்களால் அறிகிறது. ஒரே கோடு, ஓரிடத்தில் 'எடு' என்ற கட்டளையாகவும் மற்றோரிடத்தில் 'கடன்' என்ற குணமாகவும் இருவேறு அர்த்தங்களைத் தருகிறது என்பதை விளக்க இதுவே தக்க தருணம். அவ்விரண்டையும் "மைனஸ்" என்ற ஒரே சொல்லால் வாசிக்காமல், "இரண்டிலிருந்து குறை மூன்றைக் கழி" என்று வாசிக்கும்படி என் மாணவர்களை நான் வற்புறுத்தியதுண்டு.

பெருக்கலுக்கும் இதே ஜோடிகள் உதவும். 3 × (−2) என்பது இரண்டிரண்டு கறுப்புகளை மூன்று முறை வைப்பது, ஆறு கறுப்பு. (−3) × (−2) என்பது, பூஜ்ய மதிப்புள்ள ஜோடிக் குவியல் ஒன்றிலிருந்து இரண்டிரண்டு கறுப்புகளை மூன்று முறை எடுப்பது. குவியலில் ஆறு வெள்ளைகள் துணையின்றி நிற்கும். பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால் 1835, 1836-ஆம் வருஷங்களில் எழுதி, அவர் காலத்துக்குப் பின் 1890-இல் வெளிவந்த 'ஹென்றி புரூலாரின் வாழ்க்கை' என்ற சுயசரிதையில், தம்மைப் பாலியத்தில் வாட்டிய ஒரு சந்தேகத்தைச் சொல்லுகிறார்: பத்தாயிரம் பிராங்கு கடனை ஐந்நூறு பிராங்கு கடனால் பெருக்கினால் ஐம்பது லட்சம் பிராங்கு ஆஸ்தி எப்படி வரும்? அவருக்குத் தக்க சமாதானம் சொல்ல ஆசிரியர்களால் இயலவில்லை. அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. கடனைக் கடனால் யாரும் பெருக்குவதில்லை. பெருக்கும் எண் பணமன்று, எத்தனை முறை என்பதன் கணக்கு. மளிகைக் கடைப் பற்று நோட்டில் இருநூறு ரூபாய்ப் பற்று வரிகள் மூன்றைக் கடைக்காரர் அடித்துவிட்டால் நம் நிலைமை அறுநூறு ரூபாய் உயருகிறது அல்லவா? அடித்த செயலுக்கு ஒரு குறை, பற்றுக்கு ஒரு குறை. இந்த ஒரு விளக்கம் கிடைத்திருந்தால் அந்தச் சிறுவனின் மனத்தாங்கல் தீர்ந்திருக்கக் கூடும் என்றே எண்ணுகிறேன்.

ஆயினும், கொட்டைகள் காட்டுமேயன்றி நிரூபிக்கா. "அப்படித்தான் இருந்தாக வேண்டுமா, சார்?" என்று கேட்கும் பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும், அதனை ஏமாற்றக் கூடாது. 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு படியிலும் விடை இரண்டு ஏறுவதைக் காட்டி, அடுத்த படி என்னவாக இருக்கும் என்று கேட்கலாம். அதிலும் திருப்தி அடையாத பிள்ளைக்கு, −2-ஐப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம் என்பதையும், பூஜ்யத்தை 1 + (−1) என்று பிரித்து எழுதலாம் என்பதையும் ஒப்புக்கொள்ளச் செய்து, பங்கீட்டுப் பண்பின்படி முதற்பகுதி −2 ஆகிவிட்டபடியால் மற்றப் பகுதி 2 ஆனாலொழியக் கூட்டுத்தொகை பூஜ்யமாகாது என்று காட்டிவிட வேண்டும். ஏழாம் வகுப்புக்கு இது மிகை என்று சொல்வோர் உண்டு; கேட்ட பிள்ளைக்கு மிகையன்று.

குறைப் பின்னங்களை எண்கோட்டில் குறிக்கும்போது −2½-ஐ −2-க்கும் −1-க்கும் நடுவே வைப்பது பொதுவான பிழை. அரை என்பதும் குறையே, அதுவும் இடப்புறமே செல்லும் என்பதைக் கிணற்றுப் படியில் இறங்குவதைச் சொல்லிக் காட்டினால் ஒரே நாளில் இது திருந்திவிடும்.

பின்னங்களைக் கூட்டும் இடம் அவ்வளவு எளிதன்று. ½ + ⅓ என்பதற்குத் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி ⅖ என்று எழுதும் பிள்ளை, பாதியோடு வேறொன்றைச் சேர்த்த பின் பாதியைவிடக் குறைந்த விடை வந்திருப்பதைக் கவனிப்பதில்லை. கவனிக்கும்படி நாம் கேட்பதுமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த நம் முன்னோருக்கு முந்திரி, காணி, மா, வீசம் என்று பின்னங்களுக்கே பெயர்கள் இருந்தன. இருபதில் ஒன்று மா. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அரையும் காலும் எவ்வளவு என்றால், பத்து மாவும் ஐந்து மாவும் பதினைந்து மா, அதாவது முக்கால். ஒரே பெயருள்ள பொருள்களையே கூட்ட முடியும் என்ற தத்துவம் அந்தப் பெயர்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, மீ.பொ.ம. என்று இன்று நாம் தேடுவதும் அந்தப் பொதுப் பெயரையே. ஆனால் மூன்றில் ஒன்றை மாவாலோ முந்திரியாலோ மிச்சமின்றிச் சொல்ல முடியாது. இருபதும் முந்நூற்றிருபதும் மூன்றால் வகுபடா. ஆகவே ½-க்கும் ⅓-க்கும் ஆறில் ஒன்று என்ற புதுப் பெயரை நாமே படைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று ஆறிலொன்றுகளும் இரண்டு ஆறிலொன்றுகளும் ஐந்து ஆறிலொன்றுகள். இப்படி ஒரு முறை வாயால் சொல்லிய பிள்ளை பகுதிகளைக் கூட்டத் துணியாது.

பின்ன வகுத்தல் விஷயத்தில், லிப்பிங் மா என்ற சீன அம்மையார் 1999-இல் வெளியிட்ட நூல் ஒன்று உபாத்தியாயர்கள் அனைவரும் அறிய வேண்டியது. அமெரிக்க ஆசிரியர் 23 பேரிடமும் சீன ஆசிரியர் 72 பேரிடமும், 1¾-ஐ ½-ஆல் வகுக்கச் சொல்லி, அதற்குப் பொருந்தும் ஒரு கதையையும் சொல்லும்படி அவர் கேட்டார். சீன ஆசிரியர் எல்லாரும் விடையைச் சரியாகக் கண்டனர். பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் முழுமையாகச் சரியான விடை கண்டவர் 9 பேர். ஏற்கத்தக்க கதை சொன்னவர் ஒருவரே. பலர், அரையால் வகுப்பதையும் இரண்டாக வகுப்பதையும் ஒன்றென மயங்கினர். தலைகீழாக்கிப் பெருக்கு என்ற கட்டளையை மட்டும் பெற்று வளர்ந்தவர்களுக்கு வேறு என்ன நேரும்? நம் ஊர்களில் இதே கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

இதைப் படித்த வருஷம், பாட்டி வீட்டிலிருந்து ஒரு படியையும் ஓர் அரைப்படியையும் ஓர் உழக்கையும் எட்டாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். நான்கு உழக்கு ஒரு படி என்பதால், ஒன்றே முக்கால் படி அரிசி ஏழு உழக்காக அளந்து ஒரு முறத்தில் கொட்டப்பட்டது. அரைப்படியால் இது எத்தனை அளவை வரும் என்று கேட்டேன். ஒரு பையன் முன்வந்து அளந்தான். மூன்று அளவை நிறைந்து, முறத்தில் ஓர் உழக்கு அரிசி மிஞ்சிற்று. "மூன்றே கால், சார்" என்றான். மிஞ்சியது கால் படிதான். அவன் சொன்னது பொய்யன்று. ஆனால் எதில் கால் என்பதை அவன் மறந்திருந்தான். நான் மறுத்துப் பேசாமல், மிச்சத்தையும் அந்த அரைப்படியிலேயே கொட்டச் சொன்னேன். கொட்டினான், சரியாகப் பாதி நின்றது. சற்று நேரம் அளவையின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படியில கால், அரைப்படியில அரை… மூணரை" என்று சொல்லிக் கரும்பலகையில் 3½ என்று எழுதினான். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "படியில மூணுல ஒரு பங்கு பிடிக்கிற அளவை இருந்தா, சார்?" என்று கேட்டாள். ஒரு படிக்கே மூன்று அளவை வருமே என்று அவளே சொல்லிக்கொண்டாள். அப்புறம் ஒன்றே முக்காலை மூன்றால் பெருக்கத் தொடங்கினாள்.