பேஸ்மேக்கர் வயருக்கு ரூட் மாறினால்?

பேஸ்மேக்கர் தெரியும்தானே? துடிப்பு ரொம்பக் குறைந்துபோன இதயத்தை மின்சாரத்தால் தட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி. பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைப்பார்கள். அதிலிருந்து 'லீட்' எனும் வயர் சிரைக்குள் நுழைந்து, நெஞ்சின் வலப்பக்கம் போய், மேற்பெருஞ்சிரையில் இறங்கி, வலது ஏட்ரியம், வால்வு தாண்டி வலது வென்ட்ரிக்கிளைத் தொடும்.

ஆனா சிலருக்கு ரூட்டே வேற! கருவில் இருக்கும்போது நமக்கெல்லாம் இடப்பக்கமும் ஒரு பெருஞ்சிரை உண்டு. பிறகு அது சுருங்கிவிடும். 1000 பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்கு அது அப்படியே தங்கிவிடுகிறது. பொதுவாகத் தொந்தரவு தராததால் அவர்களுக்கே தெரியாது. எக்ஸ்ரே திரையில் வயர் முதுகெலும்புக்கு இடப்பக்கமாகவே இறங்கும்போதுதான் பல நேரம் டாக்டருக்கே தெரியவரும்.

இந்தச் சிரை கொரோனரி சைனஸ் வழியாக வலது ஏட்ரியத்தில் திறக்கும். சிக்கல் அங்கேதான். வால்வு பக்கத்திலேயே இருக்கு. வயரோ எதிர்ச்சுவரைப் பார்த்துப் போகும். கிட்டத்தட்ட யூ-டர்ன் அடிக்கணும்! அதனால் உள்ளிருக்கும் ஸ்டைலெட் கம்பியை வளைத்து, வயரைச் சுவரில் முட்டவைத்து, வளையம் போட்டு நுனியை வால்வுக்குள் திருப்புவார்கள். நுனியிலுள்ள குட்டி ஸ்க்ரூ தசையில் பிடித்துக்கொள்ளும். அது நழுவினால், துடிப்புக்குக் கருவியையே நம்பியிருப்பவரின் உயிருக்கே ஆபத்து.

முடியலைன்னா? எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி, வலப்பக்கப் பெருஞ்சிரை இருக்கிறதா என்று பார்த்து அந்தப் பக்கம் மாறலாம். அதுவும் இல்லையென்றால், தகுந்தவர்களுக்குத் தொடைச் சிரை வழியாக வயரே இல்லாத பேஸ்மேக்கர் வைக்கலாம். அமெரிக்காவில் அது 2016-இல் அனுமதி பெற்றது.

கவனிச்சீங்களா? வளையும் கம்பி, பிடிக்கும் ஸ்க்ரூ, வயரில்லாக் கருவி... எல்லாமே நம்ம துறை வேலைதான்.